கடல் சூழ்ந்த அமானிதம்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாசி இல்லாத அடுக்களையைக் காண்பது அரிது. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் உலர்த்தி, மரக்கட்டை போல் இறுகச் செய்து அனுப்பும் கலையை மாலத்தீவு மக்கள் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வருகின்றனர். அது அங்கிருந்து இங்கே வரும். இங்கிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் தூத்துக்குடித் தோணிகளில் அங்கே போகும். இவ்வளவு நெருங்கிய அண்டை நாட்டைப் பற்றி, ‘கடலில் மூழ்கப் போகும் தேசம்’ என்ற ஒரு வரிக்கு மேல் நம்மில் பலர் அறிந்ததில்லை. அந்த ஒரு வரியும் முழு உண்மை என்று சொல்வதற்கில்லை.

மூழ்குமா, மூழ்காதா என்பது வருங்காலத்தின் கேள்வி. இன்றைக்கே விடை சொல்லியாக வேண்டிய கேள்விகள் வேறு சில அத்தீவுகளில் எழுந்து நிற்கின்றன. கடல் உயரும்போது யாரை முதலில் காப்பது? காப்பதற்காக எதை இழப்பது? அந்த இழப்பை யார் தலையில் ஏற்றுவது? பொறியியல் வல்லுநர்கள் சுவரின் உயரத்தைக் கணித்துத் தருவார்கள். சுவருக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதை அவர்களால் கணித்துத் தர இயலாது. அது அறத்தின் பொறுப்பு. மார்க்கத்தின் மொழியில் சொன்னால், அமானிதத்தின் பொறுப்பு.

உலகின் பல நாடுகளும் இன்று தட்பவெப்ப மாற்றத்தைச் சமாளிக்கும் தேசியக் கொள்கைகளை வகுத்து வருகின்றன. அக்கொள்கைகளில் அறத்துக்கு எவ்வளவு இடம் என்பதை அறிய விரும்புவோர்க்கு மாலத்தீவை விடத் தெளிவான பாடம் வேறில்லை. கி.பி. 1153இல் இஸ்லாத்தை ஏற்ற நாடு அது. குடிமக்கள் அனைவரும் முஸ்லிம்கள். அரசியல் சட்டமே இஸ்லாமிய நெறிகளின் மீது எழுப்பப்பட்டது. ஆகவே அந்த நாட்டின் சுற்றுச்சூழல் கொள்கையை நம் மார்க்கத்தின் உரைகல்லில் உரசிப் பார்ப்பது வெளியார் தலையீடு ஆகாது.

மணலைப் பெற்றெடுக்கும் கடல்

ஏறத்தாழ 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்பவை இருநூற்றுக்கும் குறைவு. எல்லா நிலத்தையும் கூட்டினாலும் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. வளையம் வளையமாக அமைந்த இத்தீவுக் கூட்டங்களை அம்மக்கள் ‘அதொளு’ என்பர். உலக மொழிகள் பலவும் அச்சொல்லைத்தான் கடன் வாங்கி, பவளத்தீவு வளையத்துக்கு ‘அட்டோல்’ என்று பெயரிட்டுக்கொண்டன.

இந்த நிலம் மலையிலிருந்து வந்ததன்று. ஆறு கொண்டு வந்து சேர்த்ததுமன்று. உயிருள்ள பவளப்பாறை நொறுங்கி மணலாகிறது. பவளத்தைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள் அதை அரைத்து வெண்மணலாக வெளியேற்றுகின்றன. பருவக்காற்று மாறும்போதெல்லாம் அந்த மணல் தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகர்ந்து, அடுத்த காற்றில் திரும்பி வருகிறது. பாறை உயிரோடு இருக்கும் வரை தீவுக்கு மணல் வருவாய் உண்டு. அலையின் வேகத்தை முதலில் தாங்கி உடைப்பதும் அதே பாறைதான். வல்லோன் அல்லாஹ் அமைத்த ஏற்பாடு இது. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானத்தை உயர்த்தித் தராசை நிறுவியதை நினைவூட்டி, அந்தத் தராசில் வரம்பு மீற வேண்டாம் என இறைவன் எச்சரிப்பதை இத்தீவுகளின் கரையில் நின்று ஓதினால் பொருள் வேறு விதமாக விளங்கும்.

அந்தத் தராசு சாய்ந்து வெகு காலமாகிவிட்டது. 1998ஆம் ஆண்டு கடல் நீர் அளவு மீறிச் சூடேறியபோது, மாலத்தீவின் ஆழமற்ற பகுதிகளில் இருந்த பவளங்களில் மிகப் பெரும்பாலானவை வெளிறி மடிந்தன. மெல்லத் தழைத்து வந்தவை 2016இல் மீண்டும் அடி வாங்கின. புவியின் வெப்பம் இரண்டு பாகை உயருமானால் உலகின் வெந்நீர்க் கடற்பவளங்கள் ஏறக்குறைய முற்றிலும் அழியும் என்று பன்னாட்டு அறிவியல் குழு 2018இல் அறிவித்தது. மாலத்தீவுக்கு அது வீட்டின் அஸ்திவாரம் கரைவதைப் பற்றிய செய்தி.

கப்பலின் கீழ்த்தளம்

1987 ஏப்ரலில், தொலைதூரக் கடலில் எழுந்த பேரலைகள் தலைநகர் மாலேக்குள் புகுந்தன. கடலைத் தூர்த்து உருவாக்கிய புது நிலத்தை அலை அடித்துச் சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மஃமூன் அப்துல் கையூம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நின்று, தங்கள் நாடு எதிர்நோக்கும் அழிவைப் பற்றி முறையிட்டார். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பயின்ற மார்க்க அறிஞர் அவர். புவி வெப்பம் என்பதை உலகத் தலைவர்கள் பலர் செவியுற்றிராத காலம் அது. 1989 நவம்பரில் சிறு நாடுகளை மாலேக்கு அழைத்துக் கடல்மட்ட உயர்வு குறித்து மாநாடு கூட்டியதும் அவர் அரசே.

பின்னர் வந்தோரும் அந்தக் குரலை விடவில்லை. தட்பவெப்ப மாற்றம் மனித உரிமையைப் பறிக்கும் செயல் என்ற கருத்தை 2007 நவம்பரில் மாலே பிரகடனம் உலகின் முன் வைத்தது. அடுத்த மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை அதையொட்டித் தீர்மானமே நிறைவேற்றியது. 2009 அக்டோபர் 17 அன்று அதிபர் முகம்மது நஷீதும் அமைச்சர்களும் முக்குளிக்கும் உடையணிந்து கடலடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்திய படம் நாளேடுகளில் எல்லாம் வெளியானது. வேடிக்கையாகத் தோன்றியது, ஆனால் வேடிக்கைக்காகச் செய்யப்பட்டதன்று.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் இடம்பெற்ற நபிமொழி ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கப்பலில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைத்தன. தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறி மற்றவரைத் தொல்லைப்படுத்துவானேன் என்று எண்ணிய கீழ்த்தளத்தார், தங்கள் இடத்திலேயே ஓட்டையிட்டுக்கொள்ள முனைந்தனர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்று உணர்த்தினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். இன்றைய உலகக் கப்பலில் உவமை சற்றுத் தலைகீழாகிவிட்டது. ஓட்டையிடுவோர் மேல்தளத்தில் இருக்கின்றனர். நீர் முதலில் நிறைவது கீழ்த்தளத்தில். உலகின் கரிப்புகையில் மாலத்தீவின் பங்கு கணக்கில் கொள்ளத் தகாத சிறு துளி. ஆகவே உலகத்திடம் நியாயம் கேட்கும் உரிமை அதற்கு முழுமையாக உண்டு.

உலகத்திடம் கேட்கும் அந்த நியாயத்தைத் தன் வீட்டுக்குள் அது வழங்குகிறதா என்பதே நம் கட்டுரையின் கேள்வி.

சுவருக்கு உள்ளும் வெளியும்

1987ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின், ஜப்பான் நாட்டின் நன்கொடையால் மாலே நகரைச் சுற்றிக் கடற்சுவர் எழுந்தது. 2002 வரை அப்பணி நீடித்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது நகரின் ஒரு பகுதிக்குள் நீர் புகுந்தாலும், பேரழிவிலிருந்து தலைநகரைக் காத்தது அந்தச் சுவர் என்பதை யாரும் மறுப்பதில்லை. அதே நாளில் சுவரில்லாத தீவுகளில் வீடுகள் தரைமட்டமாயின. நாடு முழுவதும் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். கிணறுகளில் உப்பு ஏறியது.

ரா பவளத்தீவு வளையத்தில் கந்தொல்ஹுதூ என்றொரு தீவு. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் நெருக்கியடித்து வாழ்ந்த மீனவர் ஊர். அத்தீவையே கைவிட நேர்ந்தது. ஏறத்தாழ நான்காண்டுகள் அம்மக்கள் வெவ்வேறு தீவுகளில் தற்காலிகக் குடியிருப்புகளில் சிதறிக் கிடந்தனர். முன்பு மக்கள் வாழ்ந்திராத துவாஃபரு தீவில் செஞ்சிலுவைச் சங்கம் அறுநூறு வீடுகள் கட்டித்தர, ஊர் முழுவதும் ஒன்றாக அங்கே குடியேறியது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அண்டை வீட்டாரும் உறவினரும் ஜமாஅத்தும் கலையாமல் ஓர் ஊர் ஊராகவே பெயர்ந்தது. பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் உடன் எழுந்தன. இடம்பெயர்த்தல் என்பது ஆள்களை எண்ணிக் கணக்கில் ஏற்றுவது மட்டுமாக இருந்திருந்தால் இது நடந்திராது.

ஆயினும் அரசுகள் மாறி மாறிக் கண்ட கனவு, சிதறிய மக்களைச் சில பெரிய தீவுகளில் ஒன்று திரட்டுவது என்பதே. கடலைத் தூர்த்து 1997இல் தொடங்கப்பெற்ற ஹுல்ஹுமாலே இன்று அடுக்குமாடிகள் நிறைந்த நகரம். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம் கொண்டது. 2022ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி நாட்டின் மக்கள் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டுவர். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் மாலே நகரிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் வாழ்கின்றனர். ஒன்று திரட்டினால் பாதுகாப்பது எளிது, செலவும் குறைவு என்பது அரசின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, ஒரு லட்சம் பேர் ஒரே நாளில் குடிநீரின்றித் தவித்தனர். விமானத்திலும் கப்பலிலும் இந்தியா தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் வைக்கக் கூடாது என்று நம் ஊர்க் கிழவியும் சொல்லுவாள்.

கயிறு திரித்த கைகள்

கி.பி. 1343இல் மாலேக்கு வந்து, அரசி கதீஜாவின் ஆட்சியில் காஜியாகப் பணியாற்றிய மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இத்தீவுகளின் கயிற்றை வியந்து குறித்திருக்கிறார். தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறப்போட்டு, பின்பு அடித்து நாராக்கி, பெண்கள் அதைத் திரிப்பார்கள் என்றும், ஆணியில்லாமல் மரக்கலங்களைத் தைப்பதற்கு அக்கயிறு தொலைநாடுகளுக்கெல்லாம் போயிற்று என்றும் அவர் எழுதினார். (அங்கிருந்து இலங்கை வழியாக அவர் வந்து இறங்கிய இடம் நம் மஅபர் கரை.)

அவர் கண்ட அந்தத் தொழில் வடக்கே குல்ஹுதுஃபுஷித் தீவில் அண்மைக் காலம் வரை உயிரோடு இருந்தது. அத்தீவின் உள்ளே பரந்த சதுப்பு ஏரி. அதைச் சூழ்ந்து அலையாத்திக் காடு. அந்தச் சேற்றில்தான் பெண்கள் மட்டைகளைப் புதைத்து ஊறவைத்தனர். மழைக்காலத்தில் ஊரின் வெள்ளத்தையெல்லாம் வாங்கிக்கொண்டதும் அந்தச் சதுப்பே. அலையை ஆற்றுவதால்தான் அது அலையாத்தி. மரத்தின் வேலையைப் பெயரிலேயே சொல்லி வைத்தனர் நம் முன்னோர்.

2017இல் அச்சதுப்பின் பெரும்பகுதியைத் தூர்த்து விமான நிலையம் அமைக்கும் பணி தொடங்கியது. நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தெரிவித்த மறுப்பு மேலிடத்தில் செல்லுபடியாகவில்லை. 2019இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. மருத்துவத்துக்கும் கல்விக்கும் தலைநகருக்கு விரைந்து செல்ல வடபகுதி மக்களுக்கு அது தேவையே. அதை ஏளனம் செய்வது எளிது, நியாயமாகாது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் யார்? மனித உரிமைக் கண்காணிப்பகம் 2023 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, அதற்குப் பின் அருகிலுள்ள வீடுகளில் மழைவெள்ளம் புகுவதையும், கயிறு திரித்த பெண்கள் வருவாய் இழந்ததையும், உரிய இழப்பீடு கிடைக்காததையும் பதிவு செய்தது. வெள்ளத்துக்கு அஞ்சும் ஒரு நாடு, வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தைத் தானே மூடியது. அந்தப் பெண்கள் புவியைச் சூடாக்கியவர்கள் அல்லர். ஐ.நா. மன்றத்தில் அவர்கள் பெயராலும்தான் நியாயம் கேட்கப்பட்டது.

இரண்டு சட்ட விதிகள்

நம் ஃபிக்ஹு நூலோர் தீங்கைக் குறித்து வகுத்த பொது விதிகளை உஸ்மானியப் பேரரசின் ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு தன் தொடக்கப் பகுதியில் வரிசைப்படுத்தியிருக்கிறது. அவற்றில் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு தீங்கை அதற்கு நிகரான வேறொரு தீங்கைக் கொண்டு நீக்கலாகாது என்பது ஒன்று. பொதுத் தீங்கைத் தடுப்பதற்காகத் தனிப்பட்டோரின் தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று.

அதிகாரத்தில் உள்ளோர் எந்நாட்டிலும் இரண்டாம் விதியைத்தான் விரும்பிப் பற்றுவர். நாடு முழுவதற்கும் நன்மை, சிலருக்குச் சிறிது இழப்பு என்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனிப்பட்டோர் என்பதற்காக அவர்களின் தீங்கு இல்லையென்று ஆகிவிடுவதில்லை. பொதுத் தீங்கு மெய்யாகவே இருக்க வேண்டும். அதைத் தடுக்க வேறு எளிய வழி இல்லாதிருக்க வேண்டும். இழந்தோர்க்கு ஈடு செய்தாக வேண்டும். இவற்றைச் சோதிக்காமல் இரண்டாம் விதியை எடுத்தாள்வது, சட்டத்தின் பெயரால் எளியோர் தலையில் கை வைப்பதாகும் என்பதே என் கருத்து. மாலத்தீவின் 2008ஆம் ஆண்டு அரசியல் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. இன்றைய தலைமுறைக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் உரியதாக இயற்கைச் சூழலைக் காப்பது அரசின் கடமை என அதன் 22ஆம் பிரிவு விதிக்கிறது. பிறவாத பிள்ளையையும் உரிமைதாரராக ஏற்றுக்கொண்ட சட்டம் அது. கலீபா என்ற பொறுப்பின் இலக்கணமும் அதுவன்றோ?

இந்தச் சோதனையைத் தெற்கே அத்து பவளத்தீவு வளையத்தில் வைத்துப் பாருங்கள். 2020இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மூன்றாண்டுகள் கழிவதற்குள், இந்திய வங்கி ஒன்றின் கடனுதவியோடு, அதே நீர்ப்பரப்பில் 180 ஹெக்டேருக்கு மேல் கடலைத் தூர்க்கும் பணி நடந்தேறியது. மணல் உறிஞ்சும் கப்பல்கள் கடலடியைக் கிளறியபோது எழுந்த சேறு பவளத்தின் மீதும் கடற்புல்லின் மீதும் படிந்தது. ‘ராஸ் மாலே’ என்ற பெயரில் 1,153 ஹெக்டேர் புது நிலம் அமைக்கும் திட்டம் 2023 இறுதியில் தொடங்கி வைக்கப்பட்டது. மூன்று மீட்டர் உயரத்தில் அமையும், ஆகவே கடல் உயர்வுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்கின்றனர். உயரம் சரி. அந்த உயரத்துக்கான மணலைத் தரும் கடலடியும், அலையை உடைக்கும் பாறையும் அதற்குள் என்னவாகும் என்பதற்கு விடை வேண்டும்.

தட்பவெப்ப அவசரநிலைக்கென்றே 2021இல் அந்நாடு தனிச்சட்டம் இயற்றியிருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். பவளக்கல்லை வெட்டி வீடு கட்டும் பழைய வழக்கத்தைக் கட்டுப்படுத்தியதும், மழைநீர்த் தொட்டிகளைச் சிறு தீவுகளுக்கு வழங்கியதும் நல்ல பணிகள். மாலேயில் 1658இல் பவளக்கல்லால் எழுப்பிய ஹுக்குரு மிஸ்கீ என்னும் ஜும்ஆப் பள்ளி இன்றும் நிற்கிறது. அன்று எடுத்த கல் சிறிது, பவளம் மீண்டும் வளர அவகாசம் பெரிது. இன்றைய வேகத்தில் அந்த அவகாசம் பவளத்துக்குக் கிடைப்பதில்லை.

நம் கரையிலிருந்து போவது

மாலத்தீவைக் குறை சொல்லிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. கான்கிரீட்டுக்குக் கடல் மணல் ஆகாது. உப்பு, கம்பியை அரித்துவிடும். ஆகவே அங்கே எழும் சுவர்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் ஆற்று மணலும் கருங்கல் சல்லியும் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். நட்பு நாடு என்ற முறையில் இந்தியா தனி ஒதுக்கீடு வழங்குகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அந்த ஒதுக்கீடு ஆற்று மணல் 10 லட்சம் டன், சல்லி 10 லட்சம் டன்.

நம் ஆறுகளின் நிலையோ யாவரும் அறிந்தது. 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதிக்கும் அளவுக்கு அது சுரண்டப்பட்டிருந்தது. மணல் போன ஆற்றில் ஊற்று வற்றும். கரையோரக் கிணறு வற்றும். முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். ஒரு தீவின் கிணற்றில் உப்பு ஏறாமல் காக்க எழுப்பும் சுவருக்காக, வேறெங்கோ ஓர் ஆற்றங்கரைக் கிணற்றில் உப்பு ஏறக்கூடும்.

அண்டை நாட்டார்க்கு மணல் தரவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தேவைப்படுவோர்க்கு உதவுவது நம் மார்க்கத்தின் கட்டளை. ஆயினும் மாசி வந்து இறங்கும்போது அதன் எடையும் விலையும் தரமும் பார்த்துத்தான் நாம் வாங்குகிறோம். பதிலுக்குக் கடலேறும் மணல் எந்த ஆற்றின் கணக்கில் எழுதப்படுகிறது என்று மாலேயில் இருப்போர் கேட்பதில்லை. இங்கே நாமும் இதுவரை கேட்டதில்லை.